காய்ந்த கை

அம்மாக்கண்ணுவின் கை காய்ந்துவிட்டது என்று முதலில் வாய் திறந்தவள் அவளுடைய ஓரகத்தி சாந்தம்மாள்தான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாளா? ஊற்றடியில் சொன்னாள், களத்தில் சொன்னாள், புளி உலுக்கப் போன இடத்தில் சொன்னாள். கேட்டவர்கள் கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டுவிட்டு, அடுத்த வீட்டில் போய் உப்பும் காரமும் சேர்த்துச் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் புளியமேடு என்கிற அந்தச் சின்ன ஊரில், முதல் மழை விழுந்து மண் பதமானதும் அவரவர் இஷ்டத்துக்குச் சாமை விதைத்துவிட முடியாது. ஊர்ப் பொது நிலத்தில் முதல் விதை விழ வேண்டும். அதைத் தூவுகிற உரிமை அம்மாக்கண்ணுவின் புருஷன் வேடியப்பனுடையது. அவன் அப்பனுக்குப் பிறகு மூத்த பிள்ளையான அவனுக்கு வந்தது. முறத்தில் விதையை எடுத்து அவன் மடியில் போடுகிறவள் அவன் பெண்டாட்டி. அவள் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறவளாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஏர் பூட்டுகிற மாடுகூடக் காயடிக்காத காளையாகத்தான் இருக்கும். பெருகாத எதுவும் முதல் விதையின் அருகில் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

அம்மாக்கண்ணு ஐந்து பெற்றவள். தங்கியது இரண்டு. சம்பூர்ணம் என்று ஒரு பெண், அவளுக்குக் கீழே ஒரு பையன். இரண்டு பிள்ளைகள் காய்ச்சலிலும் பேதியிலும் போயின. கடைசிப் பிள்ளை மூச்சே விடாமல் பிறந்தது. அந்தப் பேற்றில் அவளும் ரத்தமாகப் போய் நினைவில்லாமல் கிடந்து எழுந்தாள். எழுந்தவளுக்கு அதற்கப்புறம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஒரு வருஷம் ஊர் பொறுத்தது. அடுத்த வருஷ விதைப்பில், "நீ தள்ளி நில்லும்மா" என்று சொல்லி முறத்தைச் சாந்தம்மாளிடம் கொடுத்தார்கள். சாந்தம்மாள், வேடியப்பனின் தம்பி கருப்பன் பெண்டாட்டி. அப்போது அவள் நிறைமாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து விதையைப் போட்ட மிடுக்கு இருக்கிறதே, அப்பப்பா!

அதோடு விட்டாளா? இந்த வருஷம் தன் தங்கை வசந்தியை மூத்தாருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். மலையில் இரண்டாம் தாரம் புதிதில்லை. ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரமும் தலையாட்டினார். முதல் விதைப்பு அன்று காலையில் வெற்றிலை மாற்றிக்கொள்வது, அந்தக் கையோடு வசந்தியே விதையைப் போடுவது என்று பேச்சு. புதுப்பெண் கைக்கு அந்த வழக்கத்தில் இடம் உண்டு.

வேடியப்பன் என்ன சொன்னான்? "பாக்கலாம்" என்றான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் வாயில் அந்த ஒரு வார்த்தை தவிர வேறு எதுவும் இல்லை போல.

பிடிக்காத புருஷனை விட்டு, வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் அந்த மலையில் உண்டு. யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அம்மாக்கண்ணுவுக்குப் போக மனசு வரவில்லை. அவளுக்கு அந்த ஊமையைப் பிடித்திருந்தது. அவன் மடியில் விதை போடுகிற அந்த ஒரு காலைப்பொழுதும் பிடித்திருந்தது. ஊரே பார்க்க அவன் மடியை ஏந்தி அவள் முன்னால் நிற்பானே, அதை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. இன்னும் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வேர் தின்றாள், கசாயம் குடித்தாள், சாமிக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்படித்தான் புளி விற்க ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போன நாளில் அந்தச் சுவரைப் பார்த்தாள். அந்த நாளில் அரசாங்கத்துக்கு எண்ணுகிற பைத்தியம் பிடித்திருந்தது. மலைமேல் காவலூரில் நட்சத்திரம் பார்க்கக் காட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் சுவரில் ஒரு சிவப்பு முக்கோணம், பக்கத்தில் சிரித்த முகமாக ஒரு புருஷன் பெண்டாட்டி, நடுவில் கொழுகொழுவென்று இரண்டு பிள்ளைகள். எழுத்தும் இருந்தது, ஆனால் அம்மாக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? பிள்ளை கொடுக்கிற ஆஸ்பத்திரி என்றுதானே தோன்றும்! சாமியே வழி காட்டிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

உள்ளே நர்ஸ் பத்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். வாணியம்பாடிக்காரி, தாட்டியான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை.

"இன்னாம்மா வோணும்?"

"புள்ள வேணுங்க, நர்சம்மா."

பத்ருன்னிசா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. "யா அல்லா! புள்ள போதும்னு சொல்ல ஒரு ஆளு கிடைக்க மாட்டாங்களான்னு நான் ஊரு ஊரா சுத்திக்கினு கீறேன். நீ வேணும்னு இங்க வந்து நிக்கிறியே!"

அம்மாக்கண்ணுவின் முகம் வாடியதும் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கோச்சிக்காத. என் வூட்லயே ஏழு கீது. ஊருக்குத்தான் எல்லாம் சொல்றேன். வா, உள்ள வந்து படு, பாக்குறேன்."

பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "உனுக்கு ஒரு குறையும் இல்லியே. நல்லாத்தான் கீற. வூட்டுக்காரரு எப்பிடி? அவரு பேரு இன்னா?"

புருஷன் பேரை அம்மாக்கண்ணு எப்படிச் சொல்லுவாள்? "எங்க ஊரு எல்லையில கல்லா நிக்கிற சாமி பேருங்க" என்றாள்.

"வேடியப்பனா? எந்த ஊரு நீ?"

"புளியமேடுங்க."

"புளியமேட்டு வேடியப்பனா!" பத்ருன்னிசாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "யாரும் கூப்பிடாம மலையில இருந்து தானா எறங்கி வந்த ஒரே ஆளாச்சே! அவருக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடிச்சேம்மா. ரெண்டு வருசம் இருக்கும். நரம்பக் கட் பண்ணியாச்சி. அப்புறம் எப்பிடிப் புள்ள பொறக்கும்?"

பத்ருன்னிசா அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியாதா? அவரு சொல்லலியா? தோபா தோபா! என் வாயில மண்ணு விழ! உனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

"வேற ஒருத்தியக் கட்டினா அவருக்குப் புள்ள பொறக்குங்களா?"

"எவளக் கட்டினாலும் பொறக்காது."

மலை ஏறுகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. படுபாவி! கசாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாளே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தான்! சாமி முன்னால் விழுந்து எழுந்தாளே, கூடத்தானே நின்றான்! முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தி கையில் கொடுத்தபோது, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மூஞ்சியை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏன் செய்தான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. பிள்ளைகளைப் புதைத்துப் புதைத்து அலுத்துப் போனானா? இல்லை, இவளிடம் இனிப் பிள்ளை வேண்டாம் என்று தோன்றிவிட்டதா? ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் விளங்கியது. காயடித்த மாட்டையே முதல் விதைப்புக்குச் சேர்க்காத ஊர், நரம்பை வெட்டிக்கொண்ட ஆளை விதை தூவ விடுமா? உரிமை தம்பி கருப்பனுக்குப் போய்விடும். அதற்குப் பயந்துகொண்டு இவளைக் காய்ந்த கை என்று ஊர் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று வீம்பு. இரவு களி போடும்போது ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"வசந்தி சின்னப் பொண்ணு. அவளுக்கு எப்பிடியும் புள்ள பொறக்கும், இல்லய்யா?"

அவன் களியை உருட்டிக்கொண்டே இருந்தான். "பாக்கலாம்" என்றான்.

அந்தக் களிச் சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் மனசைக் கலைத்தவள் வசந்திதான். அக்காள் வீட்டுக்கு வந்திருந்தவள் ஊற்றடியில் அம்மாக்கண்ணுவைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். கள்ளம் இல்லாத பெண். "அக்கா, என் மேல கோவமா? நான் உன் எடத்துக்கு வரலக்கா. எனுக்குப் பொறக்குற புள்ள உன்னத்தான் பெரியம்மான்னு கூப்புடும். உன் மடியிலயே போட்டுடுறேன்" என்றாள்.

அம்மாக்கண்ணு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடி பைத்தியக்காரி, எந்தப் பிள்ளையடி? இரண்டு வருஷம் போகட்டும், இந்தச் சாந்தம்மாளே சொந்தத் தங்கை கையையும் காய்ந்த கை என்பாள். இன்னொரு பெண் வேர் தின்பாள், கசாயம் குடிப்பாள், சாமி முன்னால் விழுவாள். அவனும் அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் பெண் கையிலிருந்து அவன் மடியில் ஒரு மணி விழுந்தாலும் ஊர் நடுவில் உடைத்துச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்துகொண்டாள். அவன் உரிமை போனால் போகட்டும்.

விதைப்பு நாள் வந்தது. இரவு நல்ல மழை பெய்து விடிந்திருந்தது. பொது நிலத்தில் ஊரே கூடியிருந்தது. காளைகளுக்கு மஞ்சள் பூசி ஏர் பூட்டியிருந்தார்கள். வெற்றிலைத் தட்டோடு சாந்தம்மாள் கல்யாணப் பெண்ணைவிட அதிகமாகச் சிங்காரித்துக்கொண்டு நின்றாள். அம்மாக்கண்ணு கூட்டத்துக்குப் பின்னால், நிலத்தின் ஓரத்தில் நின்றாள்.

"வெத்தல மாத்துறது கெடக்கட்டும், மொதல்ல வெத. மழ மறுபடியும் கட்டுது" என்றார் கவுண்டர் பஞ்சாட்சரம். வசந்தி முறத்தோடு வந்து வேடியப்பனுக்கு முன்னால் நின்றாள்.

வேடியப்பன் மடியை ஏந்தவில்லை.

"ஏந்துடா" என்றார் கவுண்டர்.

அவன் வேட்டியைப் பிடித்தபடி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குப் பின்னால் அம்மாக்கண்ணுவைத் தேடினான். அவள் வாய் திறக்கத் தயாராக இருந்தாள். அதற்குள் அவனே பேசிவிட்டான்.

"இந்தப் பொண்ணு வேணாம் கவுண்டரே. எனுக்குப் புள்ள பொறக்காது. ஒடுகத்தூருல போயி நரம்ப வெட்டிக்கினு வந்துட்டேன். அம்மாக்கண்ணு மேல குத்தமில்ல. குத்தம் என் மேல."

ஒரே இரைச்சல். கருப்பன்தான் முதலில் குதித்தான். "காயடிச்சிக்கினு வந்தா நீ வெத தூவின? ஊருக்குத் துரோகம் பண்ணிட்டியேடா அண்ணா! கவுண்டரே, இனிமே இவன் கை மண்ணுல படக்கூடாது!" உரிமை தன் மடியில் வந்து விழுந்துவிட்டது என்ற சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை. சாந்தம்மாளுக்கு இந்தப் பக்கம் தங்கை கல்யாணம் போச்சு, அந்தப் பக்கம் புருஷனுக்கு உரிமை வருகிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முழித்தாள்.

கவுண்டர் மோவாயைத் தடவினார். "எப்போ வெட்டிக்கின?"

"கடைசிப் புள்ள செத்துப் பொறந்துச்சே, அந்த வருசங்க. வெதப்புக்கு முன்னாலியே."

"அப்போ அந்த வருசமும் நீ தூவினது இந்த ஒடம்போடதான். போன வருசமும் அப்பிடித்தான்." கவுண்டர் ஊரைத் திரும்பிப் பார்த்தார். "போன வருசம் சாமை வைக்க எடம் இல்லாம அடுத்த ஊருல குதிர் கேட்டு அலைஞ்சமே, மறந்துட்டீங்களா? என் ஆயுசுல அப்பிடி ஒரு வெளைச்சலப் பாத்ததில்ல."

கவுண்டர் கருப்பன் பக்கம் திரும்பினார்.

"அட கருப்பா, காயடிச்ச மாடுதான்டா வருசம் பூரா உன் நெலத்த உழுவுது. அதுல வெளைஞ்சத நீ துன்னாமயா கீற?"

அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஆண்களில் இரண்டு பேர் வேடியப்பனை ஓரமாக இழுத்து, வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். வசந்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பெரிய பாரம் இறங்கியதுபோல நின்றாள். "நீயே தூவுடா. வழக்கத்த அப்புறம் பேசிக்கலாம், மழ காத்துக்கினு இருக்காது" என்றார் கவுண்டர். வேடியப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வருஷமாக எதற்குப் பயந்து செத்தானோ அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவனும் சிரித்தான்.

"யம்மா அம்மாக்கண்ணு, வா, வந்து வெதயப் போடு" என்று கவுண்டர் கூப்பிட்டார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்த முகங்கள்தான். அவனை விட்டுப் போக இருந்ததை ஊர் ஒரு சிரிப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவளிடமிருந்து பிடுங்கியதைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. வா என்றால் வர வேண்டும், தள்ளி நில் என்றால் தள்ளி நிற்க வேண்டும். நல்ல நியாயம்!

"போட மாட்டேன்" என்றாள் அம்மாக்கண்ணு. சொல்லிவிட்டு நிலத்தை விட்டுச் சரிவில் இறங்கி நடந்தாள்.

வேடியப்பன் ஓடிவந்தான். "அம்மாக்கண்ணு, நில்லு. அதான் சொல்லிட்டேனே! ஊரு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டேனே!"

அவள் நின்றாள். ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள்.

"ஊருக்குச் சொல்லிட்ட. எங்கிட்ட எப்போ சொல்லப் போற?"

அவன் மூச்சு வாங்க அவள் முன்னால் வந்து நின்றான்.

"வெட்டிக்கின சமாசாரம் எனுக்கு முன்னாலியே தெரியும். நர்சம்மா சொல்லிட்டாங்க. ஏன்னு சொல்லு. எங்கிட்ட இனிமே புள்ள வேணாம்னு ஏன் தோணிச்சி உனுக்கு? பாக்கலாம்னு மட்டும் சொன்ன, இந்தக் கல்லாலயே மண்டைய ஒடைச்சிடுவேன்."

அவன் அவளுக்கு எதிரில், ஈர மண்ணில் குந்தினான். புல்லைப் பிடுங்கினான். மேலே கவுண்டர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உனுக்கு மூச்சு இல்ல" என்றான் வேடியப்பன்.

"மயக்கமா கெடந்தேன்னு சொன்னீங்க."

"மூச்சு இல்ல. மூக்குகிட்ட பஞ்சு வெச்சிப் பாத்தாங்க, ஆடல. உசுரு போயிடிச்சின்னு சொல்லிட்டாங்க. புள்ளைக்குக் குழி வெட்டப் போனவங்க, சேத்துப் பெருசா வெட்டிடலாம்னாங்க. நான்தான் வெட்டினேன். வேற யாரையும் கடப்பாரையத் தொட உடல."

அம்மாக்கண்ணு பாறையிலிருந்து இறங்கி அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"வெட்டி முடிச்சிட்டு வூட்டுக்கு வர்றேன், நீ தண்ணி கேக்குற." அவன் பிடுங்கிய புல்லைக் கீழே போட்டான். "அந்தக் குழி சமாசாரத்த ஒங்கிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு எல்லார் கால்லயும் விழுந்தேன். உசுரோட கீறவளுக்குக் குழி வெட்டினது ஆகாதுன்னு."

"அந்தக் குழி?"

"புள்ளைய அதுலதான் வெச்சேன். அவ்ளோ பெரிய குழியில அந்தத் துண்டுப் புள்ள. மூடினா மண்ணு பத்தல, அம்மாக்கண்ணு. பெரிய ஆளு இல்லாத குழிக்கு, வெட்டியெடுத்த அதே மண்ணு பத்த மாட்டேங்குது. வேற எடத்துல இருந்து கூடை கூடையா வாரியாந்து போட்டேன். போட்டுக்கினு இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். இனி நீ புள்ள பெக்க வேணாம்னு."

அம்மாக்கண்ணுவுக்கு இரண்டு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அவன் தோளில் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். "பாவி மனுசா! இத்தச் சொல்றதுக்காடா உனுக்கு இத்தினி நாளு? இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, ஊரு என் கையப் பத்தி இன்னா சொன்னா எனுக்கு இன்னா? சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்திருப்பேனே!"

அவன் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான். மேலே நிலத்திலிருந்து கவுண்டர் மறுபடியும் கூப்பிட்டார். மழை வந்துவிடும், சீக்கிரம் வா என்றார். வேடியப்பன் எழப் பார்த்தான்.

"ஒக்காரு" என்றாள் அம்மாக்கண்ணு. "ஊரு கொஞ்சம் காத்துக்கினு இருக்கட்டும்."